இரண்டாம் நாள் சளி

திண்டுக்கல்,
4.6.2024

அக்கா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. மாமா மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருமி இரத்தம் கக்கினாராம். பெரியாஸ்பத்திரியில் சளியை மெஷினில் போட்டுப் பார்த்து டிபி என்று சொல்லிவிட்டார்களாம். குழந்தை பானுவுக்கும் கழுத்தில் கட்டி கிளம்பியிருக்கிறதாம். எல்லாமே 'ஆம்', 'ஆம்' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் அம்மாவைப் பார்த்துச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சொந்த அக்கா வீட்டுச் செய்தி மூன்றாம் மனுசர் வாயால் வருகிறது.

பதினாறு தடவை போன் செய்தேன். முதல் மூன்று தடவை மணி அடித்தது. பிறகு அதுவும் இல்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய் என்பது புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை குஜிலியம்பாறை வரைக்கும் வந்தேன், அது உனக்குத் தெரியுமா? பஸ்ஸை விட்டு இறங்கி, பானுவுக்கு வாங்கிய ஆரஞ்சோடு டீக்கடை ஓரமாக அரை மணி நேரம் நின்றேன். கடைக்காரர், "யாரு வீட்டுக்கும்மா?" என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லப் பயந்துகொண்டு, "சும்மாதாண்ணே" என்றேன். சும்மா யாராவது ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வருவார்களா? அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன்.

ஜனவரியில் மாமாவின் சளியைப் பார்த்தது நான். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது சில சமயம் கிருமி கண்ணுக்குத் தப்பிவிடும். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அது பொய்யும் இல்லை. ஆனால்...

இந்த 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு ஏழு வரி எழுதி அடித்துவிட்டேன். நீ பதில் போட்டால் எழுதுகிறேன். பானு சாப்பிடுகிறாளா என்றாவது ஒரு வரி எழுது.

உன் தங்கை,
அன்பு


குஜிலியம்பாறை,
11.6.2024

அன்புக்கரசிக்கு,

உன் கடிதத்தை போஸ்ட்மேன் என் மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்து பத்து வருசம் இருக்கும். கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்து அத்தை அதை சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். நேற்றுத்தான் கைக்கு வந்தது.

பானு சாப்பிடுகிறாள். மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அப்படி ஒரு பார்வை எங்கிருந்து வந்ததோ. ஆறு மாசம் கொடுக்க வேண்டுமாம்.

வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நீ நிற்கிற படத்தை டிவி பக்கத்தில் வைத்திருந்தேன் அல்லவா? வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் "என் தங்கச்சி, லேப்புல இருக்கா" என்று காட்டுவேன். அத்தை அதைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். "படிச்சவ லட்சணத்தப் பாரு. சொந்த மாமன் நெஞ்சுல இருக்குறது தெரியல, பெருசா பூதக்கண்ணாடி வச்சுப் பாக்குறாளாம்" என்கிறாள். நான் அந்தப் படத்தை நிமிர்த்தி வைக்கவில்லை.

நீ எழுதிக் கொடுத்த காகிதத்தை டாக்டர் பார்த்தார். "ரெண்டு சளியும் பாத்துருக்காங்க, டிபி இல்ல, மில்லுப் பஞ்சுத் தூசிதான்" என்று டானிக் எழுதினார். நாலு மாசம் டானிக் குடித்தார் உன் மாமா. அந்த நாலு மாசமும் பானு அவர் நெஞ்சில் படுத்துத்தான் தூங்கினாள்.

நூறு நாள் வேலைக்குப் போனால் சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சுற்றி ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் விட்டு உட்காருகிறார்கள். தண்ணீர்க் குடத்தை நான் தொட்டால் அதற்குப் பிறகு யாரும் குடிப்பதில்லை. நம் ஆள் இருக்கிற இடம் என்று உன்னிடம் வந்ததற்கு எங்களுக்குக் கிடைத்த மரியாதை இது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அந்த ஏழு வரியில் என்ன எழுதி அடித்தாய்? எழுதுவதென்றால் எழுது. போன் மட்டும் செய்யாதே. வீட்டுக்கும் வராதே.

மகேஸ்வரி


திண்டுக்கல்,
16.6.2024

அக்கா,

எழுதுகிறேன். இனி அடிக்க மாட்டேன்.

டிபி சந்தேகம் என்று வருகிறவர்களிடம் இரண்டு தடவை சளி வாங்க வேண்டும். வந்த அன்றைக்கு ஒன்று. மறுநாள் விடிந்ததும் பல் விளக்காமல், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருமித் துப்பியது ஒன்று. ராத்திரி முழுக்க நெஞ்சில் தேங்கினது என்பதால் அந்த இரண்டாம் நாள் சளியில்தான் கிருமி அதிகம் மாட்டும். அதற்காகத்தான் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவோம்.

மாமாவுக்கு நான் அந்த டப்பாவைக் கொடுக்கவில்லை.

அன்றைக்கு உன் கையிலிருந்து வாங்கிய ஒரே சளியை நான் உள்ளே எடுத்துப் போய் இரண்டு டப்பாவில் பிரித்தேன். ஒன்றில் 22-1 என்று எழுதினேன். இன்னொன்றில் 23-1 காலை என்று எழுதினேன். இரண்டு ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் இல்லை. எப்படி இருக்கும்? ஒரே பானைச் சோற்றை இரண்டு தட்டில் போட்டு ருசி பார்த்த கதைதான்.

உங்களுக்கு மட்டும் செய்யவில்லை அக்கா. இரண்டு வருசத்துக்கு முன்னால் பாலசமுத்திரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு அம்மா வந்தார்கள். மறுநாளும் வர வேண்டும் என்றதும், "ஏனுங்க அம்மிணி, நாளைக்கும் வரோணுங்களா? தோட்டத்துல ஆளில்லீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. முதலாளி பொன்னுத்துரை சாரும், "ரெண்டு நாளு அலைய விட்டா எதுத்த லேப்புக்குப் போயிருவாங்கம்மா, பாத்து செய்யி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அன்றைக்குத்தான் முதல் தடவை பிரித்தேன். அந்த அம்மா என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கும்பிடு எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு தூரத்து ஊர் என்றால் நானே பிரிக்க ஆரம்பித்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதத்தான் கூசுகிறது. நீ கொடுத்தது சளியே இல்லை, வெறும் எச்சில். நுரைத்துக்கொண்டு தண்ணீர் மாதிரி இருந்தது. வேறு யாராவது கொடுத்திருந்தால், "நெஞ்சுலருந்து நல்லாக் காறித் துப்புங்க" என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். மாமாவைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் கல்யாணப் பேச்சு வந்தால் முன்னால் நிற்க வேண்டிய மனுசர். அவரிடம் போய்க் காறுங்கள், துப்புங்கள் என்று எப்படிச் சொல்வேன்? மரியாதை என்று நினைத்து வாங்கிக்கொண்டேன்.

மாமாவிடமும் அத்தையிடமும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. அவர்கள் எது சொன்னாலும் சரி.

அன்பு


குஜிலியம்பாறை,
24.6.2024

அன்பு,

கடிதம் வந்தது. படித்தேன். யாரிடமும் படித்துக் காட்டவில்லை.

மாமாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நாலு கிலோ ஏறியிருக்கிறார். பானு கழுத்துக் கட்டி கொஞ்சம் வற்றியிருப்பது மாதிரி தெரிகிறது. தொட்டுக்க வெஞ்சனம் இல்லாமல் சோறு இறங்காது என்கிறாள், அந்த அளவுக்கு நாக்கு நீண்டுவிட்டது.

நடந்தது நடந்துபோச்சு. சர்க்காரில் மாத்திரை கொடுக்கிறார்கள், ஆறு மாசத்தில் சரியாகிவிடும் என்கிறார்கள். நீ இதைத் தோண்டித் துருவி முதலாளியிடம் சொல்கிறேன், அவரிடம் சொல்கிறேன், இவரிடம் சொல்கிறேன் என்று கிளம்பாதே. இருக்கிற வேலையும் போய்விடும். அம்மாவை யார் பார்ப்பது? நான் பார்க்கிற நிலையிலா இருக்கிறேன்?

முந்தின கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகத்தான் எழுதிவிட்டேன். விடு.

மகேசு


திண்டுக்கல்,
3.7.2024

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ வெஞ்சனத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். என் அக்கா கோபப்பட்டால் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசில் உன் ரிப்பனைத் தொலைத்ததற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் நீ. இத்தனை பெரிய தப்பை 'விடு' என்ற ஒரு சொல்லில் எப்படித் தாண்டினாய்? என் மேல் இரக்கமா? வேண்டாம் அக்கா. இரக்கப்பட்டுத்தான் நானும் இந்தக் கதிக்கு வந்தேன்.

பொன்னுத்துரை சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "ரெண்டு ஸ்லைடு பாத்தியா இல்லையா?" என்று கேட்டார். "பாத்தேன் சார்" என்றேன். "அப்புறம் பொய் எங்கம்மா இருக்கு?" என்றார். "தேதியில இருக்கு சார்" என்றேன். பிறகு, "வேற எங்கயும் இத வாய் தொறந்துறாத. ஊருல எல்லாரும் பண்றதுதான்" என்றார். எல்லோரும் செய்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. நான் செய்தேன் என்பது மட்டும் தெரியும்.

ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். பிரித்த ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருக்கிறேன். தப்பு என்று தெரியாதவள் புள்ளி வைப்பாளா? எண்ணிப் பார்த்தேன். மாமாவோடு சேர்த்து இருபது பேர்.

இருபது பெயரையும் எழுதி மாவட்டக் காசநோய் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன். அவர்களைக் கூப்பிட்டு மறுபடியும் பார்க்கச் சொல்வேன். முதலில் மாமா பெயரை, கருப்புசாமி, வயது முப்பத்தாறு, குஜிலியம்பாறை என்று எழுதியிருக்கிறேன். தப்பான முடிவு வந்தது என்று உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். என் சளிப் பிரிப்பால் ஒரு ஆளுக்கு நாலு மாதம் வைத்தியம் கிடைக்கவில்லை, ஒரு பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அலுவலகத்திலிருந்து யாராவது வந்து உங்களிடம் கேட்பார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எனக்காக ஒன்றும் மறைக்க வேண்டாம்.

வருகிற பதினைந்தாம் தேதி கொடுக்கிறேன்.

அன்பு


குஜிலியம்பாறை,
8.7.2024

அன்பு,

கொடுக்காதே. இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் கொடுக்காதே.

உன் போனை நான் எடுக்காமல் இருந்தது கோபத்தில் இல்லை. உன் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேனோ என்று பயம். காகிதத்தில் என்றால் முகத்தை மறைத்துக்கொண்டு எதையும் எழுதலாம். உன்னை அப்படித் திட்டி எழுதினபோது எனக்கே தைரியம் வந்த மாதிரி இருந்தது. சத்தம் போடுகிறவள் பக்கம் நியாயம் இருக்கும் என்று ஊரும் நம்பும், கொஞ்ச நேரத்தில் நாமும் நம்பிவிடுவோம்.

அது உன் மாமா எச்சில் இல்லை. என்னுடையது.

அன்றைக்கு நீ டப்பாவை அவர் கையில் கொடுத்து, "பின்னாடி போய் எடுத்துட்டு வாங்க மாமா" என்றாய். லேப்புக்குப் பின்னால் பாத்ரூம் பக்கம் போனோம். மனுசன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறார். "என்ன, துப்புங்க" என்றேன். "ஏ, அது யாரு? என் கொழுந்தியா. அவ கையில போயி என் கோழையக் குடுக்கச் சொல்றியா? நாளப்பின்ன அவ மூஞ்சில முழிக்க வேணாமா?" என்றார். "அவளுக்கு இதுதான் வேலை" என்று சொல்லிப் பார்த்தேன். "அவளுக்கு வேல, எனக்கு மானம்" என்று டப்பாவை என் கையில் திணித்துவிட்டு பீடி வாங்கப் போய்விட்டார். இருமுகிற நெஞ்சுக்கு பீடி.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இதை எழுதினால் நீ சிரிப்பாய். ஒரே வீடு, ஒரே சோறு, அவர் குடித்த சொம்பில்தான் நானும் குடிக்கிறேன். அவருக்கு இருந்தால் எனக்கும் இருக்கும்தானே, யார் எச்சிலாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன் அன்பு. மூத்தவள் என்ற பெயர், பத்தாவது வரை படித்த படிப்பு, இதுதான் என் புத்தி. பாத்ரூமில் நின்று துப்பினேன். இருமல் இல்லாதவளுக்கு சளி எங்கிருந்து வரும்? நுரைதான் வந்தது. உன் கையில் கொடுத்தபோது நீ டப்பாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைத்தேன். நீ ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாய்.

அவருக்கு இரத்தம் வந்த அன்றைக்கே நாங்கள் இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை உன்னைத் திட்டும்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் படத்தைக் கவிழ்த்து வைத்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் போன மாசம் என்னையும் சோதித்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லையாம். ஆக, நீ ஜனவரியில் சொன்னது சரிதான். எனக்கு இல்லை என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

அதனால் உன் மாமா பெயரை எடுத்துவிடு. உன் மேல் ஒரு தப்பும் இல்லை. நீ எத்தனை டப்பாவில் பிரித்திருந்தாலும் என் எச்சிலில் அவர் நோய் தெரிந்திருக்காது. பானுவுக்கு வந்தது என்னால். இதைத் தெரிந்துகொண்டே ஒரு மாசம் உன்னைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

மகேசு


திண்டுக்கல்,
28.7.2024

அக்கா,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? கோபம் இல்லை. சந்தோசம். அப்பாடா, நான் இல்லை என்று ஒரு சந்தோசம். அம்மாவிடம் காபி கேட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்க்கு ருசித்தது. பானு கழுத்தில் கட்டியோடு இருக்கிறாள், நான் இங்கே உட்கார்ந்து காபியை ஆற்றி ஆற்றிக் குடிக்கிறேன். அதற்காகவே முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

காபி முடிவதற்குள் இன்னொன்றும் உறைத்தது. நான் அன்றைக்கு அந்த இரண்டாவது டப்பாவைக் கொடுத்து அனுப்பியிருந்தால், மறுநாள் விடியக்காலையில் மாமா தன் வீட்டுக் கொல்லையில் நின்று யாரும் பார்க்காமல் துப்பியிருப்பார். அங்கே கொழுந்தியாள் இல்லை, கூச்சம் இல்லை. மூடி போட்டுத் தாளில் சுற்றி உன்னிடம் கொடுத்திருப்பார். நீ பஸ் ஏறியிருப்பாய். அது மாமாவின் சளியாகத்தான் இருந்திருக்கும். உன் தப்பை என் தப்பு மூடிவிட்டது அக்கா. மாமா பெயரை நான் எடுக்கவில்லை. உன் பங்கை எழுதவா வேண்டாமா என்று தெரியாமல், "கொடுத்தது எச்சில், நான் திருப்பிக் கொடுக்கவில்லை" என்று மட்டும் எழுதினேன். மீதியைச் சொல்ல வேண்டியது நீயும் மாமாவும்.

பதினைந்தாம் தேதி கொடுத்துவிட்டேன். அங்கே இருந்த அதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டு, "இத எழுதச் சொன்னது யாரும்மா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. லேப்பில் விசாரணை நடக்கிறது. பொன்னுத்துரை சார் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அது எதிர்பார்த்ததுதான்.

அலுவலகத்து ஆட்கள் போய் எல்லோரையும் பார்ப்பார்கள். ஆனாலும் அவர்கள் போவதற்கு முன்னால் நானே போய் என் வாயால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பன்னிரண்டு நாளாக பஸ்ஸில்தான் இருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் நன்றாக இருக்கிறார்கள். இரண்டு பேர் வேறு இடத்தில் சோதித்துத் தெரிந்து மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதில் ஒருத்தர் கதவைச் சாத்திவிட்டார். பாலசமுத்திரத்து அம்மா திடமாக இருக்கிறார்கள், தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது அவர்களுக்குப் பாதி புரியவில்லை, இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். குடிக்க முடியாமல் குடித்தேன்.

நேற்றுக் கடைசியாக கொடைரோட்டில் இறங்கி, மினி பஸ் பிடித்து உள்ளே ஒரு ஊருக்குப் போனேன். முனியப்பன், வயது ஐம்பத்தெட்டு, மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர். போன நவம்பரில் வந்தார். வாசலில் அவர் மனைவி ஒச்சம்மாள் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் யார் என்று சொல்வதற்குள் அவர்களே அடையாளம் கண்டு எழுந்துவிட்டார்கள். "வா தாயி, உள்ள வா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். உள்ளே அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மாசியில் போய்விட்டாராம்.

"கடைசி வரைக்கும் ஒன்னத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றார்கள். "அம்புட்டுக் கூட்டத்துலயும் நம்ம மூஞ்சியப் பாத்து, 'நாளைக்கு நீங்க வர வேணாம் ஐயா, நான் பாத்துக்கிறேன்'னு சொல்லுச்சே அந்தப் புள்ள, அந்த மனசு யாருக்கு வரும்னு சொல்லுவாரு."

அக்கா, நான் அப்படியே எழுந்து வந்திருக்கலாம். அவர் என்ன நோயில் போனார் என்று அவர்களுக்கே தெரியாது. இளைத்துப் போய்ச் செத்தார் என்கிறார்கள். யாரும் இனி எதையும் நிரூபிக்க முடியாது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்ல வாயையும் திறந்துவிட்டேன். ஆனால் அவர்கள் பேசிக்கொண்டே இருமினார்கள். அதைக் கேட்ட பிறகு எப்படி எழுந்திருப்பேன்?

எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, தேதி, பிரித்தது, ஒன்று விடாமல் சொன்னேன். பூக்கட்டுகிற கை நிற்கவே இல்லை. முடித்ததும் கேட்டார்கள், "அப்ப மறுநாளு குடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கலாம்மா."

"ஏந்தாயி எங்கள வர வேணாம்னு சொன்ன?"

"ரொம்ப தூரம்னு நெனச்சேன்மா. ரெண்டு பஸ்ஸு மாறணுமேன்னு."

அப்போதுதான் பூவைக் கீழே வைத்தார்கள். "நாங்க எங்க ஊருக்குப் போனோம்? டாக்டரு ரெண்டு நாளு குடுக்கணும்னு சொல்லிட்டாருன்னு மாத்துத் துணியோட வந்து நாகல்நகர்ல மக வீட்டுலதான தங்குனோம். ஒங்க லேப்புக்கு நடக்குற தூரம். நீ வேணாம்னு சொன்னியேன்னுதான் காலைல மொதப் பஸ்ஸுக்குக் கெளம்பிட்டோம்."

நான் அவர்களிடம் கேட்கவே இல்லை அக்கா. எங்கே தங்குகிறீர்கள், நாளைக்கு வர முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர்ப் பெயரைப் பார்த்தேன், நானே பாவம் பார்த்தேன், நானே முடிவு கட்டினேன்.

உங்களுக்கும் இருமல் இருக்கிறது, நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, "இல்ல தாயி, நீ வர வேணாம். நான் மகளக் கூட்டிக்கிட்டு ரெண்டு நாளும் போயிக்கிறேன்" என்றார்கள். குரலில் கோபம் இல்லை. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

அன்பு